ஒன்பது பத்து

எட்டுக் காம்பராவுக்கும் சேர்த்து
ஒரே ஒரு கரண்ட் இழுப்பு.
கீனாக்கொல்லை மேல்பிரிவில்
நான் கேத்தலைப் போட்டால்
ஆறாம் நம்பரில் பன்னீரின் டீவி சாகும்.
சாகும்போது அது ஒரு சத்தம் போடும்.
அதைவிடப் பெரிய சத்தம் பன்னீர் போடுவார்.

மூன்று மாதம் கைக்காசு சேர்த்து
அட்டன் கடையில் வாங்கிய கேத்தல்.
வெள்ளை உடம்பு, நீல விளக்கு.
பெட்டியைக்கூட நான் எறியவில்லை.
பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழெல்லாம்
இப்போது அதற்குள்தான்.

போன மாசம் லயத்தில் கூட்டம் வைத்தார்கள்.
யாருக்கு எது இல்லாமல் முடியாதோ
அதைச் சொல்லுங்க,
நேரம் பிரிச்சுக்குவோம் என்றான்
கொப்பியும் பென்சிலுமாக விமலேந்திரன்.

உடனே எல்லோரும் நல்லபிள்ளை ஆனோம்.
பன்னீர், செய்தி பார்க்கணும் என்றார்.
நாடகத்தில் அந்த மருமகள் அழும்போதெல்லாம்
இவர் மூக்கைச் சிந்துவது
சுவருக்கு மேலால் எங்களுக்குக் கேட்கும்.
சுகந்தினி, படிக்க லைட் என்றாள்.
அவளுக்கு வேண்டியது
முடியை நேராக்கும் அந்தச் சூட்டு இடுக்கி.
கொழும்புத் துணிக்கடையில் நின்ற அக்கா விட்டுப்போனது.
முன்மயிர் சுருண்டிருந்தால்
பஸ்ஸை விட்டாலும் விடுவாள், வெளியே வரமாட்டாள்.
செபஸ்தியான் ஒன்றும் கேட்கவில்லை.
அவருக்கு வேண்டியது கரண்டில் வராது,
சந்தியிலிருந்து கால் போத்தலில் வரும்.
விமலேந்திரன் தன் பேருக்கு நேரே
போன் சார்ஜ் என்று தானே எழுதிக்கொண்டான்.
நடுச்சாமத்தில் போர்வைக்குள்
யாரோடு அந்தச் சார்ஜ் தீர்கிறது என்று
அவன் எழுதவில்லை.

என் முறை.
தேத்தண்ணிக்கு, என்றேன்.
அதுக்கு விறகடுப்பு போதாதா, என்றாள் மாரியாயி.

போதும்தான்.
பிளேன்டீ நான் இன்றைக்கும் விறகில்தான் வைக்கிறேன்.

கேத்தல் என் காலுக்கு.
இத்தனை பேர் நடுவில் அதை எப்படிச் சொல்வது?
பதினெட்டுக் கிலோவோடு
ஏழாம் நம்பர் மலையில் ஏறி இறங்கி,
அட்டை கடித்த இடமெல்லாம் ஊறி,
விரலிடுக்கு வெளுத்து
ஊறின சவர்க்காரத் துண்டாகிப்போன காலை
எனாமல் பேசினில் வைத்து,
ஒரு பிடி உப்புப் போட்டு,
பச்சைத்தண்ணி கொஞ்சம் கலந்து
சுடுதண்ணியை மெதுவாக,
முதலில் குதிகால் பக்கமாய் ஊற்றும்போது
தொண்டைக்குள்ளிருந்து ஒன்று வருமே,
அழுகையிலும் சேராது, சிரிப்பிலும் சேராது,
கொழும்பில் இரும்புக்கடையில் நிற்கிற என் புருஷன்கூட
அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

காலுக்கு, என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
மாரியாயி சேலைக் கரையை இழுத்து
தன் விரல்களை மூடிக்கொண்டாள்.
விமலேந்திரன் பென்சிலை நக்கி எழுதினான்:
நாலாம் நம்பர், கால்.
ஒன்பது பத்திலிருந்து ஒன்பதே கால்.
டீவி நிப்பாட்டம். இடுக்கி நிப்பாட்டம்.

ஐந்து நிமிசம்.
பன்னீர் முணுமுணுத்துக்கொண்டேதான் அணைக்கிறார்.
ஆனால் அணைக்கிறார்.
லயம் முழுக்க பல்புகள் ஒரு படி இறங்கி
மஞ்சளாக நிற்கின்றன.
கேத்தலுக்குள் தூரத்து மழை ஒன்று
கிட்டக் கிட்ட வந்து
டக்கென்று நிற்கிறது.

நின்ற பிறகுதான் கேட்கிறது.
கோடிப்புறத்துப் பீலியில் தண்ணி விழுகிறது.
கீழே பெக்டரியில்
கொழுந்து வாட்டும் காத்தாடி சுற்றுகிறது.
மாரியாயி வீட்டுக் கைப்பிள்ளைக்கு விக்கல்.
இதெல்லாம் தினமும்
இங்கேயேதான் இருந்ததா?

“கொதிச்சிருச்சா?”
ஆறாம் நம்பரிலிருந்து பன்னீர்.
சுவர் கூரையைத் தொடாத லயம்,
ஒரு குரல் எட்டு வீட்டுக்கும் போதும்.

நீல விளக்கு அணைந்து கொஞ்ச நேரமாகிறது.
பேசினுக்குள் என் கால்
சிவந்துகொண்டிருக்கிறது.

“இன்னும் இல்ல” என்கிறேன்.